கப்பல் அண்ணாச்சியும் கிடர்பூர் முத்திரையும்

கல்கத்தாவில் குடியிருந்துகொண்டு கடலில் வாழ்ந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கப்பல் அண்ணாச்சி. அவருக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறியது கிடையாது. ஹவுரா போவதென்றால் ஊரே ஃபெர்ரியில் போகும். இவர் மட்டும் பஸ் பிடித்துப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போவார். ஏன் என்று கேட்டால், "தண்ணி ஆடுதுலா" என்பார். இருந்தாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அவரைப் போலக் கடலே கதியென்று கிடந்தவரை நான் பார்த்ததில்லை.

தொழில் மளிகைக் கடை. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், நம்மவர்கள் புளி, அப்பளம், காபித் தூள், முறுக்கு எல்லாம் வாங்கும் கடை. அதற்கு மேல் மாடியில்தான் நான் குடியிருந்தேன். நான் திருச்சிக்காரி. வங்கியில் மாற்றல் போட்டு அங்கே தள்ளிவிட்டார்கள். அண்ணாச்சியும் அவர் மனைவியும் தூத்துக்குடிப் பக்கம். ஊரை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகியும் பேச்சு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. அந்த அம்மாளை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர்கள் என்னைப் பேங்க்கம்மா என்பார்கள். அண்ணாச்சியின் சொந்தப் பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தமிழர்களுக்குக் கப்பல் அண்ணாச்சி, வங்காளிகளுக்கு ஜாஹாஜ்தா. ரேஷன் கார்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். நம் கடற்படையில் ஒரு போர்க்கப்பல். டெஸ்ட்ராயர் ரகம். அந்த ஒரே ஒரு கப்பலிலிருந்து வரும் தபால் கவர்களையும் அவற்றின் மேல் விழுந்த முத்திரைகளையும் அண்ணாச்சி சேர்த்துக்கொண்டிருந்தார். கப்பலின் பெயரை நான் சொல்ல முடியாது. குளிக்காமல் அந்தப் பெயரை உச்சரிக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். நான் இதை எழுதுவது காலைக் காபிக்கு முன்னால். அதனால் கப்பல் என்றே வைத்துக்கொள்வோம்.

எப்படிச் சேர்ப்பார் என்றால், ஒரு கவரின் மேல் தன் விலாசத்தைத் தானே எழுதி ஸ்டாம்ப் ஒட்டுவார். கசங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைப்பார். அதை இன்னொரு பெரிய கவருக்குள் போட்டு, கேப்டனுக்கு ஒரு விண்ணப்பமும் வைத்து, விசாகப்பட்டினத்தில் இருக்கும் கடற்படைத் தபால் அலுவலகம் வழியாகக் கப்பலுக்கு அனுப்புவார். அங்கே யாராவது ஒரு புண்ணியவான் அந்தச் சின்னக் கவரில் கப்பலின் வட்ட முத்திரையைக் குத்தி, அப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறார்களோ அந்த ஊர்த் தபாலில் போடுவான். வெளிநாடாக இருந்தால் அந்த நாட்டு ஸ்டாம்பையும் அவனே ஒட்டிவிடுவான். கப்பல் முத்திரை ஒன்று, ஊர் முத்திரை ஒன்று, இரண்டையும் சுமந்துகொண்டு கவர் லேக் மார்க்கெட் வந்து சேரும். உள்ளே அந்த அட்டையைத் தவிர ஒரு மண்ணும் கிடையாது.

"காலிக் கவருக்கா அண்ணாச்சி இத்தனை பாடு?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"உள்ள என்னத்துக்கும்மா? வெளியத்தான எல்லாம் இருக்கு" என்றார்.

விண்ணப்பத்தையும் சொல்ல வேண்டும். எந்தக் காலத்திலோ யாரோ ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுத்தது. அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, நான் பார்த்த காலத்தில் எழுத்தெல்லாம் மங்கி மழைக்கால வானம் மாதிரி ஆகியிருந்தது. கீழே கையெழுத்து மட்டும் பேனாவால், தமிழில் போடுவார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் என்ன கேட்கிறார் என்று புரிந்துகொள்கிற கப்பற்படை எந்தச் சண்டையையும் ஜெயித்துவிடும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால் மதினி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாள். அந்தக் கப்பலில் வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பையன் வடக்கே ஏதோ பயிற்சி முடித்து லீவில் ஊருக்குப் போகும் வழியில், ஹவுரா பக்கத்துச் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் ரயில் மாறுவதற்குள் நேரம் இருக்கிறதென்று கடைக்கு வந்து முறுக்கு வாங்கிப் போயிருக்கிறான். கப்பலுக்குத் திரும்பினதும் முறுக்கு பிரமாதம் என்று ஒரு கார்டு போட்டானாம். கார்டின் மூலையில் ஊதா மையில் கப்பலின் முத்திரை. வட்டமாகக் கயிறு, நடுவில் நங்கூரம்.

"அடுப்புல காப்பிக்கொட்டை வறுபட்டுக்கிட்டு இருக்கு, கேட்டியளா? இவுக கார்டைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்காவ. கொட்டை கரியாப் போச்சு. சந்து பூராப் புகை. பக்கத்து வீட்டு வங்காளி தீயணைப்புக்குப் போன் போட்டுட்டாரு. இவுக திரும்பி என்னைப் பாத்து, 'நங்கூரத்தைப் பாத்தியா, எவ்வளவு அழகா இருக்கு'ங்காவ!"

அன்றிலிருந்து அண்ணாச்சி கரையில் இல்லை.

சும்மா சொல்லவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பதை முத்திரைதான் முடிவு செய்யும். கடைசியாக வந்த கவரில் எந்த ஊர் முத்திரையோ, அடுத்த கவர் வரும்வரை அவர் வாசம் அந்த ஊரில். கவர் வந்து சேரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் கப்பல் முன்னால் போய்க்கொண்டே இருக்கும்; அண்ணாச்சி பின்னாலேயே ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்றுகொண்டிருப்பார். ஒரு தடவை நல்ல ஜனவரி மாதம். கல்கத்தா முழுக்கக் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு வெயில் காய்கிறது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. அண்ணாச்சி குடையைப் பிடித்துக்கொண்டு எதிரே வருகிறார்.

"என்ன அண்ணாச்சி, குடை?"

"சிங்கப்பூர்ல ஓயாத மழையாம்லா."

"நாம கல்கத்தாவுல இருக்கோம் அண்ணாச்சி."

"நீங்க இருப்பிய" என்று சொல்லிவிட்டு, சந்தின் நடுவில் தேங்கியே இல்லாத தண்ணீரைத் தாண்டிக்கொண்டு போனார்.

அந்த வாரமே டிவியில் அந்தக் கப்பல் விசாகப்பட்டினம் திரும்பிவிட்டதாகக் காட்டினார்கள். ஓடிப்போய்ச் சொன்னேன். "டிவிக்காரன் ஆயிரம் சொல்லுவான். முத்திரை வரட்டும்" என்று துவரம்பருப்பை நிறுக்கப் போய்விட்டார். அப்புறம் ஒரு நாள் விசாகப்பட்டினம் முத்திரையோடு கவர் வந்தது. குடையை மடக்கி ஆணியில் மாட்டினார். "வந்து சேந்துட்டோம் பேங்க்கம்மா" என்று எனக்கு ஒரு கை கல்கண்டு கொடுத்தார். முகத்தில் அப்படி ஒரு பயணக் களைப்பு! எனக்கே ஒரு நிமிஷம், பாவம் மனுஷன் அலைந்துவிட்டு வந்திருக்கிறாரே என்று தோன்றிவிட்டது.

இந்த நோய் தொற்றக்கூடியது. எனக்கும் தொற்றியது. காலையில் வங்கிக்குக் கிளம்பும்போது படியிலிருந்தே, "இன்னிக்கு எங்கே இருக்கோம் அண்ணாச்சி?" என்று கேட்பேன். "கொழும்பு" என்றால் அன்று பூராவும் எனக்குக் கொழும்புதான். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் கண் சொருகும் நேரம், எதிரே கடன் கேட்டு வந்தவர் எதையோ விளக்கிக்கொண்டிருப்பார். பழைய ஏ.சி. மெஷின் தடதடவென்று ஓடும். எங்கோ அடித்தளத்தில் இன்ஜின் ஓடுகிறது, நாற்காலி மெல்லச் சாய்கிறது, ஜன்னலுக்கு வெளியே அலை ஏறி இறங்குகிறது என்று எனக்கு இருக்கும். அப்படி ஒரு மயக்கத்தில் ஒரு ஆளுக்குக் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, அவர் ஒழுங்காகக் கட்டிவிட்டார்.

கவர் வரும் நாளை எங்கள் சந்து வேறு விதமாகத் தெரிந்துகொள்ளும். அன்று கடையில் எண்ணெய் கிடைக்காது. எண்ணெய்க் கையோடு கவரைத் தொட்டால் கறை பிடிக்கும் என்பதால், நல்லெண்ணெய் டின், தேங்காயெண்ணெய் டின் எல்லாவற்றையும் சாக்குப் போட்டு மூடிவிடுவார். ஒரு வங்காளி மாமி பாட்டிலோடு வந்து, "ஜாஹாஜ்தா, தேல் ஆச்சே?" என்று எண்ணெய் கேட்பாள். அண்ணாச்சி தலையை ஆட்டினால் போதும், அவள் பாட்டிலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "கோத்தாய் ஜாஹாஜ்?" கப்பல் எங்கே, என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள். அவர் கவரை ஒரு சுத்தமான துணியின் மேல் வைத்து எல்லாருக்கும் காட்டுவார். முகர்ந்து பார்க்கச் சொல்லுவார். உப்புக் காற்று வாசனை அடிக்கிறதாம். நான் பல தடவை முகர்ந்து பார்த்திருக்கிறேன். பெருங்காயம்தான் அடிக்கும்.

ஒரே ஒரு மனக்குறை அவருக்கு. கப்பல் முத்திரை ஒன்றுகூட நேராக விழாது. ஒன்று வலது பக்கம் சாயும், ஒன்று தலைகீழாக நிற்கும், ஒன்று பாதிதான் இருக்கும். "ஒருத்தனுக்காவது கை நிதானம் இருக்கா பாருங்க. இவனுவ எப்படிக் குண்டு போடுவானுவ?" என்று நாட்டுப் பாதுகாப்பை நினைத்துக் கவலைப்படுவார்.

கப்பல்காரனைத் திட்டத்தான் முடியும். உள்ளூர்த் தபாலாபீஸை அவரே கவனித்துக்கொண்டார். அனுப்பும் கவரில் முத்திரை சுத்தமாக விழ வேண்டும் என்று, கவுண்டருக்கு ஒரு ரப்பர் மெத்தையையே சொந்தமாகக் கொண்டுபோவார். கவருக்கு அடியில் அதை வைத்துவிட்டு, கம்பி வழியாகத் தலையை நுழைத்து, "ஆஸ்தே தாதா, ஆஸ்தே", மெதுவாக அண்ணா, மெதுவாக, என்று கெஞ்சுவார். அந்தக் குமாஸ்தா தேங்காய் உடைப்பதுபோலக் குத்திப் பழகியவர். அண்ணாச்சிக்காகக் கையை மெதுவாக இறக்கி, குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல வைப்பார். வரிசையில் நிற்பவர்கள் மூச்சுப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நன்றாக விழுந்துவிட்டால் எல்லாருக்கும் மைசூர்பாகு உண்டு. விழாவிட்டாலும் உண்டு. அதனால் அந்த வரிசை எப்போதும் நீளமாகவே இருந்தது.

இத்தனை இருந்தும் ஆல்பத்தில் ஒரு பக்கம் காலி. மேலே சிவப்பு மையில் 'கல்கத்தா' என்று எழுதி, கவர் வைக்க நாலு மூலையும் ஒட்டித் தயாராக இருக்கும். கொழும்பு உண்டு, சிங்கப்பூர் உண்டு, மஸ்கட் உண்டு, போர்ட் பிளேர் உண்டு. தான் சோறு தின்னும் ஊர் இல்லை. கடலிலிருந்து ஹூக்ளி ஆற்றில் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்து உள்ளே வர வேண்டும். அவ்வளவு பெரிய கப்பல் எதற்கு மெனக்கெட்டு வரும்? சாயங்காலங்களில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். துறைமுகம் இருக்கும் கிடர்பூர் எங்கள் இடத்திலிருந்து தூரம். ஆனாலும், "ஏதோ சங்கு ஊதுத மாதிரி இல்ல?" என்பார். பக்கத்துத் தெருவில் யாரோ வங்காளி வீட்டில் விளக்கேற்றிச் சங்கு ஊதியிருப்பார்கள். நானும் ஆமாம் என்பேன். அந்த நேரத்தில் அதைக் கப்பல் சங்கு என்று நம்புவதுதான் எனக்கும் பிடித்திருந்தது.

அப்புறம் செய்தி வந்தது. கப்பலுக்கு வயதாகிவிட்டது, ஓய்வு கொடுக்கப் போகிறார்கள். அதற்கு முன் கடைசிச் சுற்றாக ஒவ்வொரு துறைமுகமாகப் போய் வருகிறது. போர்ட் பிளேர், அப்புறம் கிடர்பூர், அப்புறம் விசாகப்பட்டினத்தில் கொடியை இறக்கிவிடுவார்கள். கொடி இறங்கினால் முத்திரையையும் பூட்டி வைத்துவிடுவார்கள். அந்தக் காலிப் பக்கம் நிரம்பினால் இப்போது நிரம்ப வேண்டும், இல்லாவிட்டால் இல்லை.

அண்ணாச்சி பதறவே இல்லை. அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. கப்பல் கிடர்பூருக்கு வந்துவிட்டதென்று பேப்பரில் படத்தோடு வந்த காலையில் நான் கடைக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி! கப்பல் வந்தாச்சு! கிடர்பூர்ல நிக்குது!"

"இல்லம்மா. இப்ப நாம போர்ட் பிளேர்லலா இருக்கோம்" என்று நேற்று வந்த கவரைக் காட்டினார்.

"படம் போட்டிருக்கான், பாருங்க!"

"வரும் வரும். இங்க வருதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே கவர் அனுப்பிட்டேன். கல்கத்தா முத்திரைன்னு விண்ணப்பத்துல கோடு போட்டு எழுதியிருக்கேன்."

"எங்கே அனுப்பினீங்க?"

"எங்கயா? எப்பவும் போல விசாகப்பட்டினத்துக்குத்தான்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கப்பல் கல்கத்தாவுக்கு வந்துகொண்டிருக்கும்போது கவரைத் தூக்கி விசாகப்பட்டினத்துக்கு அனுப்பியிருக்கிறார். அது அங்கே போய்ப் பையில் கிடக்கும். கப்பல் திரும்பிப் போனபிறகுதான் அவர்கள் கைக்குக் கிடைக்கும். அப்போது குத்தினால் விசாகப்பட்டினம் முத்திரை, அது ஆல்பத்தில் ஏற்கெனவே ஏகப்பட்டது. மதினி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல், "ரெண்டும் நடுவழியில கையாட்டிக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள்.

அண்ணாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் விழுந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்குப் பொதுஜனம் போய்ப் பார்க்கலாமாம். இன்னொரு கவரைக் கையோட எடுத்துட்டுப் போங்க. குத்திக் கொடுங்கன்னு கேளுங்க. ஆச்சு" என்றேன்.

"கையில கொண்டுபோயிக் கையில வாங்கியாந்தா அது கவரா பேங்க்கம்மா? வெறும் காகிதம். தபால்ல வரணும்." அவ்வளவுதான். எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. கப்பலைப் பார்க்கவாவது வாங்க என்றால் அதற்கும் தயக்கம். தராசைப் பார்த்துக்கொண்டே, "பாத்துட்டேன்னா அப்புறம் என்னம்மா இருக்கு?" என்றார்.

அதற்கு வழி மதினிக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் விடிந்ததும் எண்ணெய்ச் சட்டியை வைத்து ஒரு பை முறுக்கு சுட்டுவிட்டாள். "நீங்க கவரு வாங்க வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்கு முறுக்கு குடுத்துட்டு வாங்க. நம்ம வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்காவ, சும்மாவா அனுப்புதது? பேங்க்கம்மா, கூட்டிட்டுப் போங்க" என்றாள். வந்தவர்கள் விருந்தாளிகள் என்று ஆகிவிட்டதும் அவரால் மறுக்க முடியவில்லை. சாயங்காலம் எனக்கு சால்ட் லேக்கில் உடன் வேலை செய்பவர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டே கிடர்பூருக்குக் கிளம்பினேன்.

துறைமுக வாசலில் காவல்காரர் பையைப் பார்த்தார். முறுக்கில் ஒன்றை எடுத்துச் சந்தேகமாகக் கடித்தார். இன்னொன்றையும் சோதித்தார். மூன்றாவதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "டீக் ஆச்சே", சரி போங்கள், என்று உள்ளே விட்டார்.

மாசி மாதத்து மங்கல் வெயில். ஆற்றின் மேல் புகையா பனியா தெரியாமல் ஒரு திரை. அதற்குள் சாம்பல் நிறத்தில் கப்பல் நின்றது. முன்னால் பீரங்கி, பீரங்கியின் மேல் கல்கத்தாக் காக்கா ஒன்று. சுற்றிலும் லாரி, கைவண்டி, கூச்சல் எல்லாம் இருந்தது. ஆனால் அந்தக் கப்பல் மட்டும் தூக்கத்தில் இருப்பதுபோல அமைதியாக இருந்தது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றப் போனார். நான் தடுத்தேன். ஏணிப் பாலத்தில் ஏறித் தளத்தில் கால் வைத்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடுதும்மா."

கப்பலை இரும்புக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. ஆடியது அண்ணாச்சி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருந்த இடத்தில், கடல்நோய் வந்து கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றார். அந்தக் கம்பியின் பெயின்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

வெள்ளைச் சீருடையில் இருந்த ஒரு மாலுமி, "தண்ணி வேணுமா அங்கிள்?" என்று ஹிந்தியில் கேட்டுக்கொண்டு வந்தான்.

"வேண்டாம்யா, இந்தா முறுக்கு சாப்பிடு" என்று தன் தமிழிலேயே சொன்னார் அண்ணாச்சி.

அவன் பையில் அச்சடித்திருந்த கடை விலாசத்தைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். "அண்ணாச்சி, நீங்க... லேக் மார்க்கெட்டா?"

"ஆமா."

"எலே! லேக் மார்க்கெட் வந்திருக்காவலே!" என்று அவன் போட்ட கூச்சலில் பீரங்கி மேலிருந்த காக்கா பறந்துவிட்டது. நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பஞ்சாபி, மலையாளி, ஒரிசாக்காரன், உள்ளூர் வங்காளிப் பையன் ஒருவன். எல்லாரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். அண்ணாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. தன் தொல்லை தாங்காமல் பிடித்துவைக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"மன்னிச்சுக்கிடுங்க. இனிமே அனுப்ப மாட்டேன்" என்றார்.

தமிழ் மாலுமி, தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் உவரிக்காரன். கப்பலில் தபால் பார்ப்பவன். அவன்தான் விளக்கினான். "யாரு அண்ணாச்சி இப்ப லெட்டர் போடுதா? சிக்னல் இருந்தா போன்ல பேசுதோம். நடுக்கடல்ல அதுவும் கிடையாது. துறைமுகத்துக்கு வந்து தபால் பையைப் பிரிச்சா பூராவும் ஆபீஸ் காகிதம். மனுசன் கையால எழுதுன கவருன்னு பாத்தா உங்களது ஒண்ணுதான். பை பிரிக்கையில எல்லாவனும் சுத்தி நிப்பானுவ. 'லேக் மார்க்கெட் வந்திருக்கு'ன்னு நான் கத்தணும். ஒரே கைதட்டலா இருக்கும். யாரு முத்திரை குத்துததுன்னு சீட்டுக் குலுக்கிப் போடுவோம். யாருக்காவது பிறந்தநாள் வந்தா அவனுக்குத்தான் முதல் உரிமை. இந்த வேலையை எனக்கு முன்னால பாத்தவன் பொறுப்பை ஒப்படைக்கையில, 'சாவி இது, தராசு இது, லேக் மார்க்கெட் கவரை மட்டும் விட்டுறாத'ன்னுதான் சொல்லிட்டுப் போனான்."

முத்திரை ஏன் ஒருபோதும் நேராக விழவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது. அண்ணாச்சி அதை யோசிக்கவே இல்லை. அவர் முகம் வேறு எதற்கோ வாடியிருந்தது.

"அதுல உங்களுக்குன்னு ஒண்ணுமே எழுதலையேப்பா. ஜெராக்ஸ்தான அனுப்பினேன்."

"கையெழுத்துப் போடுவியள்லா அண்ணாச்சி. அது போதும்" என்றான் அவன், முறுக்கை மென்றுகொண்டே.

நான் விடுவேனா? விசாகப்பட்டினத்துக்குப் போன கவரின் கதையை அவனிடம் சொன்னேன். அவன் உற்சாகமாகிவிட்டான். "இதுக்கா? கப்பல்ல தபால்பெட்டி இருக்கு. இப்ப ஒரு கவர் போடுங்க. முத்திரை குத்தி, இன்னும் கொஞ்ச நேரத்துல பையைக் கரைக்கு எடுத்துட்டுப் போயி கிடர்பூர் தபாலாபீஸ்ல சேத்துருவேன். ஊர் முத்திரையோட தபால்லயே உங்க வீட்டுக்கு வரும். நாளைக் காலை தண்ணி ஏத்தத்துல கிளம்புதோம், இப்பவே போட்டாத்தான் உண்டு."

தபாலில் போய்த் தபாலில் வருகிறது. சட்டப்படி செல்லும்! அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். கடல்நோய் போன இடம் தெரியவில்லை. பர்ஸில் சாமி படத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஸ்டாம்ப் வைத்திருப்பார். அதை எடுத்தார். ஆனால் கவர்? பிடிவாதமாக ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை. மாலுமிகள் நாலா பக்கமும் ஓடினார்கள். ஏவுகணை இருக்கிறது, ராடார் இருக்கிறது, அந்தக் கப்பல் முழுக்கத் தேடியும் ஒரு தனியார் கவர் இல்லை. சர்க்கார் கவர்தான் கட்டுக்கட்டாக இருந்தது. அது செல்லாது என்று அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டார்.

என் கைப்பையில் ஒன்று இருந்தது. மொய்க் கவர். ரோஸ் நிறம், தங்க எழுத்தில் 'வாழ்த்துகள்', முன்னால் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியது. பணத்தை உருவிக் கைப்பையில் போட்டேன். நாணயத்தை நகத்தால் பெயர்த்தேன். "பிடிங்க அண்ணாச்சி" என்று நீட்டினேன். மாலுமிகள் கைதட்டினார்கள்.

அவர் பேனாவை எடுத்தார். கவரை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டுகூட எழுதக்கூடிய தன் விலாசம். எழுதவில்லை. ஏறிட்டு அந்தப் பையன்களைப் பார்த்தார். மறுபடி கவரைப் பார்த்தார்.

"எழுதுங்க அண்ணாச்சி, நேரமாச்சு" என்று அவசரப்படுத்தினேன்.

அவர் எழுதினார். எட்டிப் பார்த்த எனக்குப் பகீரென்றது. கப்பலின் பெயர், கீழே விசாகப்பட்டினத்துக் கடற்படைத் தபால் அலுவலகம். மேலே, 'கப்பலில் உள்ள எல்லாருக்கும்.'

"என்ன பண்றீங்க! உங்க விலாசத்தை எழுதுங்க! இதை விட்டா கல்கத்தா முத்திரை கிடைக்காது, தெரியுமா?"

"தெரியும்மா. கொடி இறக்குததுக்கு முன்னால இவனுவ கடைசியா ஒரு பையைப் பிரிப்பானுவ. அதுல என் ஜெராக்ஸா கிடக்கணும்?" என்று சொல்லிவிட்டு, அந்த உவரிப் பையனிடம் ஒரு தாள் வாங்கினார். முத்து முத்தாக, தமிழில் எழுத ஆரம்பித்தார். எல்லாரும் நல்லா இருக்கியளா, முறுக்கில் காரம் கொஞ்சம் தூக்கல், தண்ணி நிறையக் குடியுங்க, என்றெல்லாம் போயிற்று. கடைசி வரியை மட்டும் நான் முழுசாகப் படித்தேன். 'இத்தனை ஊருக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போனியளே, அதுக்கு ரொம்ப நன்றி.' மடித்து உள்ளே வைத்தார். அவர் அனுப்பிய கவர்களிலேயே உள்ளே ஏதாவது இருந்தது அது ஒன்றில்தான். நாக்கால் ஈரம் பண்ணி ஒட்டினார். முத்திரை குத்த அவரிடமே கொடுத்தார்கள். அவருடையதும் கோணலாகத்தான் விழுந்தது. பெட்டியில் போட்டுவிட்டார்.

அந்த ரோஸ் கவர் அன்று மாலை கிடர்பூர் முத்திரை வாங்கிக்கொண்டு அவரை விட்டுப் போயிற்று. ஆல்பத்தில் கல்கத்தாப் பக்கம் காலியாகவே இருக்கிறது.

டாக்சியில் ஏறியதும் நான் பிடித்துக்கொண்டேன். "இத்தனை வருஷம் எதுக்குக் காத்துக்கிட்டிருந்தீங்க? ஒரு கவர், ஒரே ஒரு கவர்! ஜென்மத்துக்கும் இனிக் கிடைக்குமா? என் மொய்க் கவரும் போச்சு!" என்று லேக் மார்க்கெட் வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். அவர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு தடவை திரும்பி, "தங்கமான பிள்ளைகளா இருக்கானுவ, என்ன?" என்றார். அதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

சந்து முனையில் டாக்சி நின்றது. அண்ணாச்சி கப்பலிலிருந்து கரைக்கு இறங்குவதுபோலப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். அவர் கையிலிருந்த காலி முறுக்குப் பையைப் பிடுங்கி என் தோளில் மாட்டிக்கொண்டு, பட்டுப்புடவை தரையில் புரள, அவர் கையைப் பிடித்துக் கடை வாசல் வரை கூட்டிக்கொண்டு போனேன். வரவேற்புக்குப் போகவில்லை. அன்றைக்கு அந்த மனுஷனை விட்டுவிட்டு வேறு எங்கேயும் போக எனக்கு மனசு வரவில்லை.